பத்து நகல் இருந்தும் ஒரு படம் இல்லை

போன மாதம் என் அக்காவின் முதல் வருஷ திவசம். கூடத்தில் மாட்டுவதற்குப் பெரிதாக ஒரு படம் போடலாம் என்று நினைத்தோம். அவருடைய பேத்தி கல்யாணத்தில், பந்தியைப் பார்த்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தவரை நானே கைபேசியில் படம் எடுத்திருந்தேன். அதையே கொண்டுபோனேன். ஸ்டுடியோ பையன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது வாட்ஸ்அப்ல வந்த படம். பெரிசு பண்ணினா முகம் கலங்கிடும். ஒரிஜினல் இருக்கா?" என்றான்.

ஒரிஜினல் இல்லை. அதை அழித்தவன் நான்தான்.

கைபேசியில் இடம் இல்லை என்று ஓயாமல் எச்சரிக்கை வந்த நாட்களில், ஒரு பிற்பகல் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். ஒரே படம் நாலைந்து இடத்தில் இருந்தது. கேமரா எடுத்தது ஒன்று, நான் தம்பிக்கு அனுப்பியபோது வாட்ஸ்அப் வைத்துக்கொண்டது ஒன்று, குடும்பக் குழுவில் திரும்பி வந்தது ஒன்று. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எது அதிக இடத்தை அடைக்கிறதோ அதை அழித்தால் லாபம் என்று கணக்குப் போட்டேன். குமாஸ்தா கணக்கு. பெரியதை அழித்துவிட்டுச் சிறியதை வைத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்கள் பலரும் இந்தத் தவறைச் செய்யக்கூடும் என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நகல்களில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, அச்சு அசலாக ஒன்றே போன்றவை. மின்னஞ்சலில் வந்த பென்ஷன் சிலிப்பை நாம் ஒவ்வொரு முறை தட்டும்போதும் அது மறுபடி இறங்கி, பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். இவற்றைக் கணினியே கண்டுபிடிக்கும். ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து, அதற்கு ஒரு கைரேகை போல ஓர் எண்ணைக் கணக்கிடும். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் அந்தக் கைரேகை 64 எழுத்து நீளம். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். இரண்டு கோப்புகளுக்கு ஒரே கைரேகை என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். பெரிய சேமிப்பு இயந்திரங்களில் ஒரு பிரதியை மட்டும் வைத்து, மற்ற இடங்களில் அதைச் சுட்டும் குறிப்பை மட்டும் எழுதிவைப்பார்கள். அலுவலகத்தில் ஒரே ஆணையைப் பத்துக் கோப்பில் நகலெடுத்துச் சேர்க்காமல், 'இன்ன எண் கோப்பைக் காண்க' என்று எழுதுவோமே, அதேதான்.

இரண்டாம் வகை, பார்வைக்கு ஒன்று போலிருந்து உள்ளே வேறாக இருப்பவை. வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது சுருக்கிவிடுகிறது. கைபேசித் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் நுணுக்கங்கள் போய்விட்டன, திரும்ப வராது. இது நகல் அல்ல, சுருக்கம். இங்கே அளவில் பெரியதுதான் அசல்.

"மெமரி இப்போது மலிவுதானே, இன்னொரு கார்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் போகிறது, எதற்கு இந்தத் தலைவலி?" என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குவியல் பெருகப் பெருக, வேண்டியது கண்ணில் படாது. அவசரத்தில் கை தவறானதை அழிக்கும். "நாலு நகல் இருந்தால் பத்திரம்" என்பதும் சரியில்லை. நாலும் ஒரே கைபேசியில் இருந்தால், கைபேசி கிணற்றில் விழும்போது நாலும் சேர்ந்துதான் விழும்.

இதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் எத்தா சிவில் பதிவேடுகள் பிரெஞ்சு வழக்கப்படி இரட்டையாக எழுதப்பட்டவை. ஒன்று மேரியில், மற்றது நீதிமன்றத்தில். 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்து, காலனிகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்பச் சொன்னார். கரையானும் ஈரமும் காகிதத்தை விட்டுவைக்காத ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அப்படிக் கடல் கடந்து போன பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே கடற்கரையில் நாம் பார்த்து வளர்ந்த மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். காகிதத்தை அப்படித் திரும்ப எழுத முடியுமா?

இன்று கணினிக்காரர்களும் அதே விதியைத்தான் சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். ஒரே அலமாரியில் மூன்று பிரதி வைக்கும்படி லூயியும் சொல்லவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

ஆகவே என் யோசனை இவ்வளவுதான். அழிப்பதற்கு முன் அசலைப் பிரித்து ஒரு பென் டிரைவில் போட்டு, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். நல்ல படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், சுருங்காமல் போகும். பிறகு மற்ற நகல்களையும், காலை வணக்கப் பூக்களையும் தயங்காமல் தள்ளுங்கள். இரண்டு படம் ஒன்று போலிருந்தால் அளவைப் பார்த்து, பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் படத்தைக் கடைசியில் அஞ்சலட்டை அளவில்தான் போட முடிந்தது. கூடத்துச் சுவரில் அது எடுபடவில்லை. என் மேசைமேல் வைத்திருக்கிறேன்.