நகலாவது எது?
“பிஎச்பி 5 வந்ததிலிருந்து ஆப்ஜெக்ட் எல்லாமே ரெஃபரன்ஸாகத்தான் போகிறது, இனி ஆம்பர்சண்ட் குறியே தேவையில்லை” என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. பாதி சரி. மீதிப் பாதிதான் நள்ளிரவில் பிழை தேட வைக்கிறது.

பிஎச்பி 4-இல் ஆப்ஜெக்டும் எண்ணைப் போலவே நகலானது. கன்ஸ்ட்ரக்டருக்குள் ‘திஸ்’ மாறியை ஒரு குளோபல் பட்டியலில் ரெஃபரன்ஸாகப் பதிந்துவைத்தால், பட்டியலில் இருப்பது ஓர் ஆப்ஜெக்ட். ‘நியூ’ முடிந்து வெளி மாறியில் வந்து விழுவது அதன் நகல். வெளியே பெயரை மாற்றினாலும் பட்டியலில் பழைய பெயரே நிற்கும். அதற்காகத்தான் சமக்குறிக்கும் நியூவுக்கும் நடுவே ஆம்பர்சண்டைச் செருகினார்கள். 2004-இல் வந்த பிஎச்பி 5 இந்தத் தலைவலியைத் தீர்த்தது, மறுப்பதற்கில்லை. பிஎச்பி 7-இல் அப்படி எழுதினால் நிரலே ஓடாது.

ஆனால் தீர்த்த விதம் வேறு. மாறியில் இப்போது இருப்பது ஆப்ஜெக்டைக் காட்டும் ஓர் அடையாளம். ஃபங்ஷனுக்குப் போவது அந்த அடையாளத்தின் நகல். ஃபங்ஷனுக்குள் ஆப்ஜெக்டின் விலையை மாற்றினால் வெளியே தெரியும். அதே அளவுருவில் நியூ போட்டுப் புது ஆப்ஜெக்டை வைத்தாலோ, வெளி மாறி அசையாது. ரெஃபரன்ஸாகப் போயிருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டாமா? அளவுருவுக்கு முன் ஆம்பர்சண்ட் போட்டுப் பார்த்தால் மாறத்தான் செய்கிறது!

குளோன் செய்தால் கன்ஸ்ட்ரக்டர் மறுபடி ஓடும் என்பதும் இதே ரகக் கற்பனை. ஓடாது. வாடிக்கையாளர் ஆப்ஜெக்டைக் குளோன் செய்தாலும் உள்ளிருக்கும் முகவரி ஆப்ஜெக்ட் இரண்டுக்கும் பொதுதான். பிரிக்க வேண்டுமானால் குளோன் மெத்தடைத் தனியாக எழுத வேண்டும்.