மன்னார் வளைகுடாவின் இருபத்தெட்டு சென்ட்

மீன்வள நிர்வாகத்தின் உயர்பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

கடலில் தொலைந்த வலைகள் குறித்துக் கடலோர மக்கள் அளித்த மனுக்கள் பரிசீலனை என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்புக்குள் அடங்கிவிட்டமையால், இம்மடல் பொதுவில் எழுதப்படுகிறது. விதிகளைத் தாங்கள் நன்கறிவீர்கள் ஆதலின், ஒரே ஒரு கணக்கு மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது.

2020இல் வெளியான ஆய்வொன்று, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்களில் 104 இடங்களை முக்குளித்து ஆராய்ந்து, 1,152 சதுர மீட்டர் பரப்பில் கழிவு படிந்துள்ளதையும், அதில் ஏறத்தாழ 43 விழுக்காடு தொலைந்த அல்லது கைவிடப்பட்ட வலைகளே என்பதையும் பதிவு செய்தது. பேய் வலை எனப்படும் இவ்வகை வலை பாரில் சிக்கி அலைவீச்சில் ஆடுந்தோறும் கிளைப் பவளங்கள் முறிகின்றன. நூல் உராயும் இடத்தில் உயிர்த்தசை உரிந்து, வெறுங்கூட்டின் மேல் பாசி ஏறுகிறது. பருத்தி வலை நாளடைவில் மக்கிவிடும். நைலான் வலையும், ஒற்றை இழையாலான தங்கூசி வலையும் ஆண்டுக்கணக்கில் மக்காமல், எடுப்பார் இன்றி நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய ஆமைக்கும் கடற்பசுவுக்கும் அதில் சிக்குவது சாவே.

1,152 சதுர மீட்டர் என்பது நிலக்கணக்கில் இருபத்தெட்டு சென்ட்டுக்குச் சற்று மிகையான பரப்பு, அதாவது சில வீட்டு மனைகளின் அளவு. 1986இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடலில் இவ்வளவு சிறிய பரப்பைத் துப்புரவு செய்வது ஓர் அரசுக்கு இயலாத செயலன்று. அதில் எத்தனை சென்ட் துப்புரவாயிற்று, எத்தனை சென்ட்டில் புதிய வலை படிந்தது என்பதை ஊரறியச் சொல்வதில் நிர்வாகத்துக்கு என்ன தடை?

மீனவர் தம் பிழைப்புக்கு முதலான வலையை வேண்டுமென்றே இழப்பதில்லை. நீரோட்டம் அதை இழுத்துச் செல்கிறது, விசைப்படகின் இழுவைமடி அறுத்துச் செல்கிறது. இழப்பைச் சொன்னால் தண்டம் வரும் என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். வலை தொலைந்த இடமோ அவர் ஒருவருக்கே தெரியும். நார்வே நாடு தொலைந்த வலைகளைத் தெரிவிக்கும் முறையை ஏற்படுத்தி, 1983 முதல் ஆண்டுதோறும் கப்பல் அனுப்பி அவற்றை மீட்டுவருகிறது. இங்கு கரையில் மீனவரிடம் பழைய வலையை விலைக்கு வாங்குவது நல்ல தொடக்கமே. ஆனால் பாரில் சிக்கிய வலை தானாக எடைத்தட்டுக்கு வந்து சேராது.

ஆகவே, தண்டமின்றி இழப்பைப் பதியும் முறையும், முக்குளிக்கத் தெரிந்த கடலோர இளைஞருக்குக் கூலியோடு கூடிய மீட்புப் பணியும், தீவுவாரியான கெடுவும் உடனே அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பருவமும் கடத்தப்படுகையில் முறிவது, மீனுக்குப் பிறப்பிடமும் மீனவருக்குச் சோறுமான பார். அந்த அழிவுக்கு இனிக் காற்றையும் கடலையும் காரணம் காட்ட முடியாது. தெரிந்தும் வாளாவிருந்தவர்களே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இவ்வண்ணம்,
கடலோர மக்களின் சார்பில்