இயந்திரம் எழுதிய எச்சரிக்கை

2025 நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். டித்வா சூறாவளியின் மழை மலையகத்தின் மீது கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எங்கள் ஆசிரியபீடத்துக்கு வந்து சேர்ந்தது. பட்டியலில் வலப்பனையும் இருந்தது. இளம் உதவி ஆசிரியர் ஒருவர் ஆங்கில மூலத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தார். அரை நிமிடத்தில் தமிழ் வந்தது. எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழைகூட இல்லை. ‘வெளியேற்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது’ என்று தலைப்பு. நானும் பார்த்தேன். சரியென்றே பட்டது.

மழை நிலவரம் கேட்பதற்காக வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். பேச்சின் முடிவில் அந்தத் தலைப்பை வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு கேட்டார்: “தம்பி, வெளியேற்றம்னா யாரு யார வெளியேத்துறது? தோட்டத்த விட்டுப் போகச் சொல்றாங்களா?”

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதிக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் கண்ட ஒரு சமூகத்தின் காதில், ‘வெளியேற்றம்’ என்ற சொல் மழையை நினைவூட்டுவதில்லை. அது பெட்டி கட்டிய நாட்களை நினைவூட்டுகிறது. லயத்துக் காம்பிராவைப் பூட்டிக்கொண்டு போகச் சொன்ன நிருவாகங்களை நினைவூட்டுகிறது. அகராதியில் அந்தச் சொல் சரி. ஆனால் மண்சரியும் இரவில், ஒருவனை வீட்டுக்குள்ளேயே இருக்க வைத்துவிடக்கூடிய சொல் அது. தலைப்பை மாற்றினோம்: ‘சிவப்பு எச்சரிக்கை: உடனே வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.’

இந்த எச்சரிக்கைகள் மூன்று படிகளைக் கொண்டவை. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் இருப்பது ஒரு வினைச்சொல்லின் வேறுபாடுதான். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போனதை அறிந்தவர்களுக்கு, அந்த வேறுபாட்டின் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு நான் இயந்திரத்துக்கு எதிரி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகளாக அதனோடு வேலை செய்கிறேன். முன்னர் மூன்று நாட்களைத் தின்ற வேலையை ஒரு முற்பகலில் முடிக்கிறேன். இருநூறு பக்க ஆங்கில அறிக்கையில் நுவரெலியா மாவட்டம் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று கண்டு சொல்வதிலும், ஒலிப்பதிவை எழுத்தாக்குவதிலும், சிதறிக் கிடக்கும் எண்களை அட்டவணையாக்குவதிலும் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதனிடம் வேலை வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. தட்டுத் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, அதனிடம் தகவல் கேட்காதீர்கள். தகவலை நீங்கள் கொடுத்து வேலையைக் கேளுங்கள். 2023இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் இரு சட்டத்தரணிகள், சட்ஜிபிடி புனைந்து கொடுத்த, நடந்தேயிராத வழக்குகளை மேற்கோள் காட்டி 5,000 டொலர் தண்டப்பணத்துக்கு ஆளானார்கள். இயந்திரம் பொய் சொல்ல நினைக்கவில்லை. பொருத்தமாகத் தோன்றும் அடுத்த சொல்லை வைப்பதே அதன் தொழில். அது மெய்யா என்று பார்ப்பது நம்முடைய தொழில்.

இரண்டாவது, உங்கள் ஊரின் சொற்களை முன்கூட்டியே அதற்குக் கற்றுக்கொடுங்கள். எங்கள் ‘தோட்டம்’ அதற்குப் பூந்தோட்டமாகிவிடுகிறது. ‘ஏழாம் நம்பர் மலை’ என்றால் தேயிலை நிரம்பிய ஒரு பகுதி என்பது தெரியாமல் உண்மையான மலையைத் தேடுகிறது. ‘அரைப்பேர்’ என்பது பாதிநாள் சம்பளம் என்றோ, ‘பெரட்டு’ என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம் என்றோ அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கைக்காசு, கொழுந்து, இஸ்தோர், கங்காணி என்று அறுபது சொற்களுக்குப் பொருள் எழுதி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதை முதலில் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். பாதிப் பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது, ஒரே விடையோடு திருப்தி அடையாதீர்கள். மூன்று விதமாக எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஐயம் என்று அதனிடமே கேளுங்கள். பெயர், எண், திகதி மூன்றையும் மூலத்தோடு வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். ஒப்புநோக்குநர் என்றொரு பதவி பத்திரிகைகளில் இருந்தது. அதை ஒழித்து மிச்சம் பிடித்தவர்கள், இப்போது அந்த வேலையை ஆசிரியர்களே செய்ய வேண்டியிருப்பதை உணர்வார்கள்.

நான்காவது, முடிந்தால் யாருக்காக எழுதுகிறீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.

இயந்திரத்தின் தமிழ் ஏன் எங்கள் மலையைத் தாண்டியே நிற்கிறது? பெரும்பாலும் எழுதப்பட்டதிலிருந்தே அது கற்கிறது. உலகத் தமிழில் இணையமேறியது குறைவு. அதிலும் பெரும்பங்கு தமிழகத்துக்குரியது. மலையகத்தார் பேசியதில் எழுத்தானது எவ்வளவு? 1999இல் வலப்பனை இருமொழி நிருவாகப் பிரிவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் தமிழ்க் கடிதத்துக்குத் தமிழில் பதில் கிடைக்காத அனுபவம் இன்றும் நம்மவருக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளாக எழுதப்படாமல் போன அந்தப் பதில்கள்தான் இன்று இயந்திரத்தின் அறியாமையாக நமக்குத் திரும்பி வருகின்றன. இனி அலுவலகங்கள் இதே இயந்திரத்தைக் கொண்டு அரை நிமிடத்தில் தமிழ்ச் சுற்றுநிருபம் அனுப்பும். ‘தமிழிலும் கொடுத்துவிட்டோம்’ என்று கோப்பை மூடும். படிப்பவருக்கு விளங்கியதா என்று கேட்க ஆளிருக்காது. எனக்குள்ள அச்சம் அதுவே.

ஆகவே என் கட்சி எளிமையானது. இயந்திரம் மிச்சம் பிடித்துத் தரும் நேரம் யாருக்குச் சொந்தம் என்பதை ஒவ்வொரு செய்தி அறையும் ஒவ்வொரு அலுவலகமும் தீர்மானிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்குறைப்புச் செய்யலாம். அல்லது ஒரு நிருபரை இராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் பஸ் ஏற்றி அனுப்பலாம். தொலைபேசியில் ஒரு முதியவரிடம் ஐந்து நிமிடம் பேசலாம்.

அந்தக் கணக்கப்பிள்ளை மறுநாள் காலை அழைத்தார். இரவே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்களாம். “நீங்க மாத்தி எழுதுனது நல்லா வெளங்குச்சு தம்பி” என்றார். இத்தனை ஆண்டுக் காலத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை முதலில் வைக்கிறேன்.