விற்காத வீட்டை நம்பி அட்வான்ஸ்

நெல்லை அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவர் நிறுவனத்தின் சூரியத் தகடு ஆலையை 2025 பிப்ரவரி 6 அன்று முதல்வர் திறந்துவைத்தார். அதே நாளில் விக்ரம் சோலார் ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. டயர் ஆலை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆலைக்குப் பின்னாலேயே பிளாட்டும் வந்துவிடும். நான்குவழிச் சாலையோரம் கல் நட்ட மனைகளும் புரோக்கர்களின் போன் நம்பர் எழுதிய பலகைகளும் அதைத்தான் சொல்கின்றன.

இந்தச் சூட்டில் சொந்த வீட்டுக்காரர்களுக்கும் ஓர் ஆசை வருகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்குப் போய்விடலாம் என்று கிராமத்தில் இருப்பவர் நினைக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தாமிரபரணியைப் பார்த்த நெல்லைச் சந்திப்புப் பகுதிக்காரர் மேட்டுப்பக்கம் இடம் தேடுகிறார். இருவரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: இருக்கிற வீட்டை விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா?

பெரும்பாலானோர் வாங்கிவிட்டு விற்கத்தான் விரும்புகிறார்கள். கணக்கைவிட கௌரவம்தான் இதற்குக் காரணம். ‘வீட்ட வித்துட்டானாமே’ என்ற பேச்சு ஊரில் கிளம்பினால், அடுத்த கேள்வி ‘கடன் எவ்வளவாம்?’ என்பதுதான். புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டுப் பழையதை விற்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கவும் வேண்டாம், வயதான தாயை வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் இவற்றுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை யாரும் காகிதத்தில் எழுதிப் பார்ப்பதில்லை.

எழுதிப் பார்ப்போம். பழைய வீடு 40 லட்சம், புது வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம். இந்த அளவுக் கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்வரைதான் தரும். 48 லட்சம் கடன் கிடைத்தாலும் 17.4 லட்சம் கையில் வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 41,650 ரூபாய். அதே 17.4 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் விற்றவருக்குத் தேவைப்படும் கடன் 8 லட்சம்தான். அவருடைய தவணை மாதம் 7,000 ரூபாயைத் தாண்டாது.

பழைய வீடு விற்றதும் கடனை அடைத்துவிடலாமே என்பார்கள். உண்மைதான், மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆனால் விற்கும்வரை அந்த 40 லட்சத்துக்கு மட்டும் மாதம் 28,000 ரூபாய்க்கு மேல் வட்டி ஓடும். அதுகூடப் பெரிய நஷ்டம் இல்லை என்பேன். வட்டியை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். கணக்கில் சிக்காத நஷ்டம் பேரத்தில்தான் இருக்கிறது. இந்த ஊர்களில் யார் எங்கே அட்வான்ஸ் கொடுத்தார், கிரயத் தேதி என்ன என்பதெல்லாம் டீக்கடைக்குத் தெரியும். பழைய வீட்டைப் பார்க்க வருகிறவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒங்களுக்கும் அங்க தேதி நெருங்குதுல்லா அண்ணாச்சி, முப்பத்தாறுன்னா இப்பமே முடிச்சிருவோம்’ என்பார். ஒரே பேச்சில் நான்கு லட்சம் போய்விட்டது. அது பதினான்கு மாத வட்டி. அவகாசம் இல்லை என்று தெரிந்தவரிடம் யாரும் முழு விலை பேசமாட்டார்கள்.

வரிச் சட்டமும் முதலில் விற்பவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. இதை நம் ஊர்ப் பேச்சில் அதிகம் கேட்பதில்லை. வீடு விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54ஆம் பிரிவாக இருந்த இந்தச் சலுகை 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கிறது. முதலில் விற்றவருக்கு வாங்க இரண்டு ஆண்டு, கட்டுவதானால் மூன்று ஆண்டு அவகாசம். முதலில் வாங்கியவரோ ஓராண்டுக்குள் பழையதை விற்றாக வேண்டும். தவறினால் விலக்கு போச்சு. இன்னொன்று: வீட்டை விற்ற பணத்தில் வெறும் பிளாட் வாங்கிப் போட்டால் சலுகை இல்லை, மூன்று ஆண்டுக்குள் அதில் வீடு எழும்ப வேண்டும். ‘இடம்தான் சொத்து, வீடு அப்புறம் கட்டிக்கிடலாம்’ என்பவர்கள் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

விற்றுவிட்டுக் காத்திருந்தால் விலை ஏறிவிடாதா? ஏறலாம். விற்பதும் வாங்குவதும் கங்கைகொண்டான் சுற்றுவட்டாரத்திலேயே என்றால், ஏற்றம் நாம் விற்கும் விலையிலும் ஏறியிருக்கும். வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். கிராமத்தில் விற்றுப் பாளையங்கோட்டையில் வாங்குகிறவருக்குத்தான் இந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. அதற்காக விற்காத வீட்டை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது மருந்தாகாது. விற்பனை ஒப்பந்தத்திலேயே ஆறு மாத அவகாசம் கேட்கலாம். கிரயம் முடிந்த பிறகும் மூன்று மாதம் அதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொள்வதாக எழுதிக்கொள்ளலாம். வாங்குகிறவருக்கு வீடு உடனே தேவைப்படாவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்கு அரசே பதில் வைத்திருக்கிறது. அங்கே குடிமக்கள் இரண்டாவது வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 20 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. தம்பதியர் பழைய வீட்டை ஆறு மாதத்தில் விற்றுவிட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். நமக்கு அப்படி நெருக்கடி கொடுக்க யாரும் இல்லாததால், வாங்கிய பிறகு பழைய வீடு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது.

சாலையைப் பார்த்த வீடு, ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடக்கூடியது, தவணையைச் சம்பளமே தாங்கும் என்பவர்கள் தாராளமாக முதலில் வாங்கலாம். அவர்கள் விற்கவே வேண்டியதில்லை. மற்றவர்கள், புது வீடு பார்க்கப் போகும் முன் பீரோவில் இருக்கும் பத்திரங்களை வெளியே எடுக்க வேண்டும். கிராமத்து வீடு விற்கத் தாமதமாவது ஆள் கிடைக்காததால் மட்டும் அல்ல. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கும், அல்லது சித்தப்பாவோடு கூட்டுப் பட்டாவாக இருக்கும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் இந்துக் குடும்பத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. மும்பையில் இருக்கும் தங்கை கையெழுத்துப் போடாமல் கிரயம் நடக்காது. வாரிசுச் சான்று, உட்பிரிவு, சர்வேயர் வருகை என்று ஆறு மாதம் எளிதாக ஓடிவிடும். கோயில் கொடைக்குத் தங்கை ஊருக்கு வரும்போதே அவர் பங்கைப் பேசித் தீர்த்து, பத்திரத்தையும் பதிந்துவிட்டால், அந்த ஆறு மாதத்துக்கு வட்டி கட்ட வேண்டியிருக்காது.