கருவிப் பழுதும் கற்றவர் அச்சமும்

இற்றை நாளில் தமிழர் இல்லங்களில் மடிக்கணினி அரும்பொருளாக இல்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், நகரத்து வீடுகளில் மட்டுமன்றிச் சிற்றூர்க் கூரைகளின் கீழும் அக் கருவி புகுந்தது. பிள்ளையின் படிப்பு, தந்தையின் வங்கிக் கணக்கு, பாட்டனின் ஓய்வூதிய வேலை, மகளின் வேலை வேண்டும் மடல் ஆகிய அனைத்தும் இன்று அதன் வழியே செல்கின்றன. ஆயினும் என்ன? அக் கருவி ஒரு நாள் முரண்டினால், பட்டம் பல பெற்றவரும் பாம்பைக் கண்டவர்போல் விலகி நிற்கின்றனர். மிதிவண்டியில் காற்று இறங்கினால் தாமே அடைத்துக்கொள்பவர், அடுப்பு எரியாவிடில் தாமே குத்தித் தூய்மை செய்பவர், உலாவியில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்றவுடன் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றனர். அங்கே கேட்ட கூலியைக் கொடுக்கின்றனர். அல்லது 'இதன் வாழ்நாள் முடிந்தது. புதிது வாங்குக' என்னும் சொல்லை நம்பித் தலைகவிழ்ந்து திரும்புகின்றனர்.

இவ்வச்சம் வேண்டாதது என்பது மட்டுமன்று, கேடானதும் ஆகும். அஞ்சியவனை ஏமாற்றுதல் எளிது. இல்லக் கணினியின் சிக்கல்களுள் பெரும்பாலன பொறியின் சிக்கல்கள் அல்ல. பழுது எங்குள்ளது எனப் பிரித்துப் பாராமையால் வந்த சிக்கல்களே. நோயின் முதலை நாடாது மருந்து தேடுவோர், மருந்தின் விலையையும் இழப்பர். நோயும் நீங்கப் பெறார்.

எவ்வாறு பிரிப்பது? ஒரு பக்கம் திறக்கவில்லையாயின், பழுது நான்கு இடங்களுள் ஒன்றில் இருத்தல் வேண்டும். பக்கத்தை வைத்திருந்து அனுப்பும் வழங்கி ஒன்று. அங்கிருந்து வீடு வரை வரும் இணைப்பு இரண்டு. வந்ததைக் காட்டும் உலாவி மூன்று. அவ்வுலாவியைத் தாங்கும் பொறி நான்கு. இந்நான்கையும் பிரித்தறியப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. மூன்று வினாக்கள் போதும்.

முதல் வினா: வேறு வலைத்தளங்கள் திறக்கின்றனவா? திறந்தால் இணைப்பு நன்று. இரண்டாம் வினா: அதே பக்கம் கைப்பேசியில், வீட்டு இணைப்பை நீக்கிக் கைப்பேசியின் தனி இணைப்பில், திறக்கிறதா? அங்கும் திறக்காவிடில் பழுது பெரும்பாலும் வழங்கியினது. அப்போது திரையில் வரும் எண்ணே அதனைச் சொல்லும். 404 என வந்தால், கேட்ட முகவரியில் பக்கம் இல்லை என்பது பொருள். 500, 503 போல ஐந்தில் தொடங்கும் எண் வந்தால், வழங்கியே தள்ளாடுகிறது என்பது பொருள். தேர்வு முடிவு வெளிவரும் நாளில் மாணவர் ஓரே நேரத்தில் மொய்த்து வழங்கி திணறும்போது, வீட்டிலிருக்கும் கணினியை அடிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. பொறுத்திருத்தலே அங்கு மருந்து. மூன்றாம் வினா: இதே கணினியில் வேறோர் உலாவியில் அப் பக்கம் திறக்கிறதா? திறந்தால் கணினியும் நன்று, இணைப்பும் நன்று, பழுது முன்னைய உலாவியில் மட்டுமே.

வீட்டில் எக் கருவியிலும் எப் பக்கமும் திறக்கவில்லையெனில் இணைப்பைப் பார்த்தல் வேண்டும். இணையப் பெட்டியின் மின்னிணைப்பை நீக்கி, அரை மணித்துளி கழித்து மீண்டும் கொடுத்து, விளக்குகள் நிலைபெறும் வரை காத்திருக்க. கணினியில் மட்டும் இணைப்பு மெலிகிறதெனில் தொலைவைக் கருதுக. அருகலைப் பெட்டிகள் பல இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 என்று குறிக்கப்பெறுவது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், விரைவு குறைவு. 5 என்று குறிக்கப்பெறுவது விரைவு மிக்கது. சுவரிரண்டைத் தாண்டுமுன் தளரும். கடைசி அறையில் அமர்ந்துகொண்டு ஐந்தைப் பிடித்திருப்பவர், 'இணையம் கெட்டது' என்று நொந்துகொள்வதில் பொருளில்லை.

இனி உலாவி. உலாவிகள் அனைத்திலும் தனிமைச் சாளரம் என ஒன்று உண்டு. பழைய பதிவுகளின் சுமையின்றியும், நாமே இசைவு தந்தாலன்றி நீட்சிகளின் தலையீடின்றியும் அது திறக்கும். வழக்கமான சாளரத்தில் திறவாத பக்கம் தனிமைச் சாளரத்தில் திறந்தால், பழுது இரண்டினுள் ஒன்று. உலாவியோடு ஒட்டவைத்த நீட்சிகளுள் ஒன்று குறுக்கே நிற்கலாம். அல்லது முன் பார்த்த பக்கங்களின் படிகளை உலாவி சேர்த்துவைக்கும் தேக்ககம் பழம்படியையே காட்டிக்கொண்டிருக்கலாம். நீட்சிகளை அனைத்தும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். தேக்ககத்தைத் துடைக்கும் பலகையோ, விசைகளில் பொறித்திருக்கும் பெயராலேயே சொல்வதாயின், கண்ட்ரோல், சிப்டு, டெலீட் என்னும் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் தோன்றும். அங்கே கடவுச்சொற்களுக்குரிய கட்டத்தைக் குறியாதிருக்க. குறித்துவிட்டால் சேர்த்துவைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் நீங்கிப் புதுத் துன்பம் பிறக்கும்.

எல்லாப் பக்கங்களும் ஒருங்கே 'இவ் விணைப்பு காப்புடையதன்று' என்று முறையிட்டால், முதலில் பார்க்கவேண்டுவது கணினியின் கடிகாரம். ஒவ்வொரு வலைத்தளமும் தன் மெய்ம்மைக்கு ஒரு சான்றினைக் காட்டுகிறது. அச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய கருவிகள் பலவற்றில் நேரத்தைக் காத்துவைக்கும் சிறு காசு போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது மெய்ச்சான்றும் உலாவிக்குப் பொய்ச்சான்றாகத் தோன்றும். நாளையும் நேரத்தையும் திருத்தினால் சிக்கல் தீரும். ஆனால் கடிகாரம் செம்மையாக இருந்தும் வங்கிப் பக்கத்தில் அவ் வெச்சரிக்கை வந்தால், அதனைத் தள்ளிவிட்டு உட்புகுதல் கூடாது. அது காவலன் குரல்.

கணினி முழுதும் மந்தமாயின், அணைத்துத் திறப்பதே தக்கதென்பர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2012-இல் வந்த விண்டோசு 8 முதற்கொண்டு, 'அணை' என்னும் கட்டளை விரைவுத் தொடக்கத்துக்காக இயங்குதளத்தின் கருப்பகுதியை வன்தட்டில் எழுதி உறங்கவைக்கிறது. மறுநாள் எழுவது நேற்றைய அதே கரு. நேற்றைய கோளாறும் அதனோடு எழக்கூடும். 'மீண்டும் தொடங்கு' என்னும் கட்டளையே அனைத்தையும் புதிதாகத் தொடங்குவது. நாள்தோறும் அணைத்துத் திறந்தும் தீராத சிக்கல் ஒருமுறை மீண்டும் தொடங்கியதும் தீர்வதன் மறைபொருள் இதுவே.

இவை அனைத்துக்கும் பொதுவான நெறி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. ஐந்தனை ஒருங்கே மாற்றியவன், சிக்கல் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்றறியான்; தீராவிடில் முன்னினும் பெரிய குழப்பத்தில் நிற்பான். செய்ததைத் தாளில் குறித்துக்கொள்க.

வல்லுநர் வேண்டாம் என்பதன்று இங்குக் கூறுவது. இல்லத்தார் கைவைக்கத் தகாத இடங்களும் உள. மின்கலம் உப்பித் தொடுபலகை மேலெழுந்தால், மின்னேற்றியை உடனே கழற்றிக் கருவியை நிறுத்துக. அதனைக் குத்துதலும் அழுத்துதலும் தீயை அழைப்பதாகும். வன்தட்டில் 'டக் டக்' என்னும் ஓசை தொடர்ந்தால், அது சாவுமணி. மேலும் இயக்காது நிறுத்துக. நீர் கொட்டினால் மின்னை நீக்கி அணைத்துக் கவிழ்த்து வைக்க. 'இயங்குகிறதா பார்ப்போம்' என்று உடனே திறப்பவரே கருவியைக் கொல்கின்றனர். இவ்விடங்களில் பழுதுபார்ப்பவரிடம் செல்வதே அறிவுடைமை. ஆயினும் கருவி நன்றாயிருக்கும் நாளிலேயே கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்திருத்தல் வேண்டும். கருவியை விலைக்கு வாங்கலாம். பிள்ளையின் குழந்தைப் பருவப் படங்களை எக் கடையில் வாங்குவது?

அச்சம் கேடாகும் என்றது எதனால் எனின், அவ்வச்சத்தையே முதலாக வைத்து வாணிகம் செய்யும் கூட்டம் ஒன்று உள்ளமையால். உலாவியில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்க்கையில், திடீரென்று திரை முழுதும் சிவந்து, ஊளையிட்டு, 'உம் கணினியில் நச்சுநிரல் புகுந்தது, அணைக்காதீர், இவ்வெண்ணுக்குப் பேசுக' என்று மிரட்டும். அது கணினியின் குரல் அன்று, கள்வனின் குரல். மைக்ரோசாப்டின் மெய்யான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை என அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அவ்வெண்ணுக்குப் பேசியவரிடம், 'தொலைவிலிருந்து சீர்செய்கிறோம்' என்று ஒரு செயலியை நிறுவச் செய்து, கணினியின் ஆட்சியையே கைக்கொண்டு, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகின்றனர். இரையாகுவோருள் தனித்திருக்கும் முதியோரும் உளர். செய்யவேண்டுவது எளிது. எசுகேப் விசையைச் சிறிது நேரம் அழுத்துக. அகலாவிடில் கண்ட்ரோல், சிப்டு, எசுகேப் மூன்றையும் அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து உலாவியை மூடுக. திரையின் மூலையில் அடிக்கடி இத்தகைய மிரட்டல்கள் முளைத்தால், என்றோ ஒரு தளத்துக்கு 'அறிவிப்பு அனுப்பலாம்' என்று இசைவு தந்ததன் விளைவு அது. உலாவியின் அமைப்பில் அவ்விசைவை நீக்குக. பொருள் இழந்தவர், நாணி ஒளியாமல் உடனே 1930 என்னும் இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுதல் வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

இவ்விடத்தே மொழியும் வந்து நிற்கிறது. எச்சரிக்கை எம்மொழியில் வருகிறது? ஆங்கிலத்தில். இல்லத்துப் பெரியவர் அதனைப் படியாமலே 'சரி' என்னும் கட்டத்தை அழுத்துகின்றார். காவலன் குரலும் கள்வன் குரலும் அவர்க்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. குரோமும் பயர்பாக்சும் விண்டோசும் தம் கட்டளைகளைத் தமிழிலும் காட்டவல்லன. அமைப்பில் மொழியை மாற்றினால் போதும். 'அத் தமிழாக்கம் செப்பமாக இல்லையே' என்பார் உளர். உண்மையே, சில இடங்களில் அது கரடுமுரடானது. ஆயின் பயன்படுத்துவோர் பெருகாமல் திருத்துவோர் எங்ஙனம் தோன்றுவர்? புரியாத செம்மையான ஆங்கிலத்தினும், பாதி புரியும் கரட்டுத் தமிழ் முதியோர்க்குக் காப்பாகும்.

தமிழே திரையில் சிதைந்து தோன்றும் சிக்கலும் இல்லங்களில் உண்டு. அதனையும் நோய்க்குறியால் பிரித்தறியலாம். எழுத்துக்கு மாறாக வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், தமிழ் எழுத்துரு அக் கருவியில் இல்லை, நிறுவினால் தீரும். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றினால், அக் கோப்பு ஒருங்குறிக்கு முற்பட்ட பழைய எழுத்துருவில் அடிக்கப்பெற்றது. குறியாக்கம் மாற்றும் செயலியால் மாற்றுதல் வேண்டும். தலைமேல் கோடிட்ட ஒரே ஆங்கில எழுத்து இரண்டோர் இடம் விட்டு மீண்டும் மீண்டும் வந்தால், எழுத்து ஒருங்குறியே. உலாவி அதனைத் தவறாகப் படிக்கிறது. தமிழ் எழுத்துகள் 1991-இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றன. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் முடங்கிய மலர்களும் மடல்களும் ஆய்வுகளும் இன்னும் பல இல்லங்களின் வன்தட்டுகளில் உறங்குகின்றன. அவ் வன்தட்டுகள் சாகுமுன் அவற்றை மாற்றிக் காத்தல் தமிழ்ப்பணி என்பதில் ஐயமில்லை.

இறுதியாக ஒன்று. விண்டோசு 10-க்கான பொதுக் காப்புப் பணியை மைக்ரோசாப்டு 2025 அத்தோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. உடனே, 'பழங்கணினியை எறிந்து புதிது வாங்குக' என்னும் கூச்சல் எழுந்தது. உறுப்புகள் நன்றாயிருக்கும் கருவியைக் குப்பையில் எறிதல் அறிவாகாது. உபுண்டு போன்ற விலையில்லா லினக்சு இயங்குதளங்கள் அத்தகைய கருவிகள் பலவற்றில் நன்கு இயங்குகின்றன. தமிழையும் செவ்வையாகக் காட்டுகின்றன. வாங்குவதா காப்பதா என்பதைக் கடைக்காரன் முடிவு செய்தல் கூடாது. கருவிக்கு உடையவனே முடிவு செய்தல் வேண்டும்.

எனவே, கற்றவர் முதலில் தம் இல்லத்தில் இதனைத் தொடங்குக. மூன்று வினாக்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டுக. முதியோர்க்குக் கள்வன் குரலை இன்னதெனச் சொல்லிக் கொடுக்க. பிள்ளைகள் பழுதைத் தம் மொழியில் பெயரிட்டுச் சொல்லப் பழக்குக. பெயர் சொல்லத் தெரிந்த பழுதுக்கு எவரும் அஞ்சார். அஞ்சாதவரை எவரும் ஏமாற்றார். கருவி மாந்தனுக்கு ஏவலாள். ஏவலாளைக் கண்டு தலைவன் நடுங்குதல் தகுமா?