விதி விட்டுவைத்த ஸ்பிரிங்

கையைக் கட்டிப்போட்டால் மூளை வேலை செய்யும். அமெரிக்க டிராக் பந்தயத்தின் 'ஸ்டாக்' பிரிவு இதற்கு நல்ல உதாரணம்.

டிராக் பந்தயத்தில் ரகசியம் எதுவும் இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றாது. இரண்டு கார்கள், நேரான பாதை, பச்சை விளக்கு, கால் மைல் தூரம். அதாவது 1,320 அடி. முதலில் கடப்பவர் ஜெயிப்பார். ஆனால் 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் இந்த எளிமை கலைந்துவிடும். அதிலும் 'ஸ்டாக் எலிமினேட்டர்' என்ற பிரிவு, கிட்டத்தட்ட வருமான வரிச் சட்டம் மாதிரி. எது கூடாது என்ற பட்டியல் நீளம். எது கூடும் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம்.

ஷோரூமிலிருந்து வந்த கார் ஷோரூம் காராகவே ஓட வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவின் அடிப்படை. காரின் எடையையும் சங்கம் கணக்கிட்டுத் தரும் குதிரைத்திறனையும் வைத்து உட்பிரிவு முடிவாகிறது. சிலிண்டர் ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு, கார்பரேட்டர் எல்லாம் அந்த மாடலுக்கு உரியதாகவோ சங்கம் ஏற்றுக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் விஷயத்தில் விதி இன்னும் சுவாரசியமானது. வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது தொழிற்சாலை அளவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்த ஒரு வரியில் ஒரு தொழிலே பிழைக்கிறது.

உயரத்தைக் கூட்ட முடியாது என்றால் என்ன செய்வது? அனுமதிக்கப்பட்ட உயரத்தை எவ்வளவு சீக்கிரம் எட்ட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எட்டி, அங்கேயே முடிந்தவரை நின்று, கடைசி நொடியில் இறங்க வேண்டும். அதனால் ஸ்டாக் பிரிவின் கேம் மேடுகள் சாதாரண கேம் போல முட்டை வடிவத்தில் இருப்பதில்லை. தோள்கள் புடைத்து, கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக அதிக அவகாசம் கிடைக்கிறது. விதியும் மீறப்படவில்லை.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் கிளம்புகிறது. வேகத்தடை மேல் பஸ்ஸை வேகமாக விட்டால் கடைசி சீட்டில் இருப்பவர் என்ன ஆவார்? பஸ் இறங்கிவிடும், அவர் இறங்க மாட்டார். கேம் மேட்டின் உச்சியில் வால்வுக்கும் இதே கதிதான். மேல்நோக்கிப் பாய்ந்த டேப்பட், புஷ்ராட், வால்வு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக் கேமோடு ஒட்டவைக்கும் ஒரே ஆள் வால்வு ஸ்பிரிங். பழைய அம்பாசடரின் புஷ்ராட் இன்ஜினைக் கழற்றிய மெக்கானிக் எவருக்கும் பழக்கமான அதே சுருள் கம்பிதான். இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் தோற்றால் வால்வு அந்தரத்தில் மிதக்கும். உட்காரும்போதும் துள்ளும். அந்தக் கணத்திலேயே சக்தி சரியத் தொடங்கும்.

அப்படியானால் கடையில் கிடைக்கும் மிக வலுவான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டுவிட வேண்டியதுதானே? புதிதாக வருபவர்கள் செய்வது இதைத்தான். மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். செவர்லேயின் பிரபலமான 350 கன அங்குல வி-8 இன்ஜினின் பல சாதாரண மாடல்களில் இன்டேக் வால்வு 0.390 அங்குலம் திறக்கும். அதாவது 10 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொழிற்சாலை ஸ்பிரிங் 1.70 அங்குல உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும்போது, வால்வை சுமார் 80 பவுண்டு விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. ஒரு அங்குலம் அமுக்க சுமார் 267 பவுண்டு தேவைப்படும் விறைப்பு அதற்கு. எனவே வால்வு முழுதாகத் திறந்த நிலையில் அழுத்தம் 184 பவுண்டு. குடும்பக் காருக்கு இது தாராளம். சதுரக் கேமுக்குப் போதாது.

பந்தய ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை அரை அங்குலத்துக்கும் மேல் திறக்கும் கேம்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் முழு பலம் அந்த உயரத்தில்தான் வெளிப்படும். 0.390 அங்குலத்தோடு நின்றுவிடும் இன்ஜினில் அது பாதி வேலையோடு ஓய்வெடுத்துக்கொள்ளும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது முக்கியம். முட்டினால் உடைசல் நிச்சயம். ஆனால் இடைவெளி அதிகமாக இருந்தாலும் வம்புதான். நடுச் சுருள்கள் தன்னிச்சையாக அலை போல் ஆடத் தொடங்கும். ஆடும் ஸ்பிரிங், தராசில் காட்டிய பவுண்டை ஓட்டத்தில் காட்டாது. சுமார் 0.060 அங்குல இடைவெளி என்பது பழகிய கணக்கு. அனுபவசாலிகள் அதைவிடவும் நெருக்கிப் பார்ப்பார்கள்.

அடியில் மெல்லிய ஷிம் தகடுகளைப் போட்டு ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கலாம். இடைவெளி குறையும், அழுத்தம் கூடும். மேலே சொன்ன தொழிற்சாலை ஸ்பிரிங்கில் 0.030 அங்குலத் தகடு 8 பவுண்டு கூட்டும். ஆனால் அது மூடிய நிலையிலும் கூடும். அங்கேதான் அடுத்த விலை காத்திருக்கிறது.

பழைய இன்ஜின்களில் டேப்பட்டின் அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டையானது. கேமின் மேல் உரசியே ஓடும். அழுத்தம் கூடினால் கேம் மேடு தேயும். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவையை, புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக, இன்றைய சாதாரண ஆயில்களில் குறைத்துவிட்டார்கள். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினில் இன்னொரு இடைஞ்சல். ஸ்பிரிங் அளவுக்கு மீறி அழுத்தினால் டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் கசிந்து, வால்வு திறக்கும் உயரமே குறையும். கஷ்டப்பட்டு விதியின் விளிம்பு வரை போய்விட்டு, அதைத் தானாகவே விட்டுக்கொடுத்த கதை. ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலோ, மிதக்கும் வால்வின் இடைவெளியை டேப்பட் நிரப்பிக்கொண்டு வால்வை மூடவே விடாது.

எனவே புத்திசாலிகள் பவுண்டைக் கூட்டுவதற்கு முன் கிராமைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆடும் எடை குறைந்தால் அதே ஸ்பிரிங் அதிக வேகம் தாங்கும். ஸ்பிரிங்கின் சொந்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் வால்வோடு சேர்ந்து ஆடுவதாகவே கணக்கு. விதி அனுமதிக்கும் இடங்களில், மேல்பக்கம் குறுகிய தேன்கூடு வடிவ ஸ்பிரிங் கைகொடுப்பது இதனால்தான். அதன் தலைமேல் உட்காரும் ரிடெய்னரும் சிறியது, லேசானது. சுருள்களின் விட்டம் மாறிக்கொண்டே போவதால் எல்லாச் சுருள்களும் ஒரே தாளத்தில் ஆடுவதும் இல்லை. ஆனால் ஒற்றை ஸ்பிரிங் உடைந்தால் துணைக்கு ஆள் இல்லை. இரட்டை ஸ்பிரிங்கில் ஒன்று போனாலும் மற்றது வால்வைத் தாங்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. வால்வு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனோடு மோதி, மொத்த இன்ஜினும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

உடையாவிட்டாலும் ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே வரும். இந்தப் பந்தயத்தில் அதுவே தோல்விக்குப் போதும். எலிமினேஷன் சுற்றுகளில் ஓட்டுநர் தன் கார் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அறிவிக்கிறார். மெதுவான கார் முதலில் புறப்படும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்வி. ஆக, நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும் இன்ஜின்தான் பணம். அதனால்தான் கவனமான ஓட்டுநர்கள் அவ்வப்போது வால்வு கவரைத் திறந்து ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சோதித்து, எண்களை நோட்டில் எழுதிவைக்கிறார்கள். பவுண்டு குறைந்தால் உடனே புதியது.

இங்கேதான் விதியின் நியாயம் கேள்விக்குள்ளாகிறது. பெரிய முதலாளிகளின் பணபலம் இல்லாத சாமானியரும் ஓடட்டும் என்பதே கட்டுப்பாடுகளின் நோக்கம். வசதி படைத்தவர் என்ன செய்கிறார்? மின்மோட்டாரால் இன்ஜினைச் சுழற்றி, வால்வின் அசைவை லேசரால் அளக்கும் ஸ்பின்ட்ரான் என்ற சாதனத்தில் பல ஸ்பிரிங்குகளைச் சோதித்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கிறார். மாதச் சம்பளக்காரர் தன் கராஜில் ஷிம் தகடும் டயல் கேஜுமாக, ஒவ்வொரு ஸ்பிரிங்காக வாங்கிப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். உயரத்துக்குப் போட்ட பூட்டு, செலவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்திவிட்டது.

ஸ்பிரிங்குக்கும் ஒரு பூட்டு போடலாமே? வட்டப் பாதைப் பந்தயங்கள் சிலவற்றில் ஸ்பிரிங்கின் விட்டத்துக்கோ அழுத்தத்துக்கோ வரம்பு உண்டு. பலவீனமான ஸ்பிரிங் காசில்லாத வேகக்கட்டுப்பாட்டுக் கருவி. ஒரு சுற்றுக்கு மேல் இன்ஜினே மறுத்துவிடும். ஆனால் அழுத்தத்தைப் பூட்டினால் எடைக் குறைப்பில் பணம் பாயும். டைட்டானியம் தேடிப் போவார்கள். அதையும் தடுத்தால் வேறொன்று.

சோதனையாளர் கேமின் உயரத்தை அளந்துவிடலாம். 1961 முதல் இண்டியானாபோலிஸில் நடந்துவரும் யு.எஸ். நேஷனல்ஸ் பந்தயத்தில், பிரிவு வெற்றியாளர்களின் இன்ஜினைக் கழற்றிப் பார்த்த பிறகே வெற்றி உறுதியாகிறது. ஆனால் அந்த உயரத்துக்குள் ஒருவர் எத்தனை இரவுகள் செலவழித்தார் என்பதை அளக்கும் கேஜ் எதுவும் இல்லை. விதி சமப்படுத்துவது இரும்பை மட்டுமே. மிச்ச வித்தியாசம் பாதி பொறுமையில் இருக்கிறது, பாதி பர்ஸில். பொறுமையால் ஜெயிப்பவருக்கு இடம் இருக்கும் வரை இந்தப் பிரிவுக்கு அர்த்தம் உண்டு.