கோடி ஊதியமும் கூலி உழைப்பே

ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஈட்டும் விளையாட்டு வீரரைத் தொழிலாளி என்று அழைக்கலாமா? பலரும் தயக்கமின்றி 'இல்லை' என்பர். ஆனால் ஒருவரது வர்க்கத்தை ஊதியத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. அவரை வேலைக்கு அமர்த்தவும் மாற்றவும் நீக்கவும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் பென்னட்டின் பதினோரு ஆண்டுத் தொழில் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று.

அமெரிக்கக் கால்பந்து என்பது இந்தியர் அறிந்த கால்பந்து அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. பென்னட் தற்காப்பு முன்வரிசையில் ஆடியவர். நூற்றிருபது கிலோ எடைக்கு மேற்பட்ட உடல்கள் ஒவ்வொரு முறையும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் அது. பந்தை எறிபவர் நட்சத்திரமாகிறார். மோதலைத் தாங்கும் வரிசைக்காரர்கள் அணி விட்டு அணி மாறி உழைத்து ஓய்கின்றனர்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்காகப் பென்னட் ஆடிய காலத்தில் கல்லூரி வீரர்களுக்குக் கல்வி உதவித்தொகையே உண்டு, ஊதியம் கிடையாது. 2009-ஆம் ஆண்டு, தேசியக் கால்பந்து லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தெரிந்தெடுக்கும் ஏழு சுற்றுகளிலும் அவர் பெயரை எவரும் சொல்லவில்லை. சியாட்டில் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, சில மாதங்களிலேயே கைவிட்டது. டாம்பா பே அணி எடுத்துக்கொண்டது. 2013-இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் சியாட்டிலுக்குத் திரும்பினார். 2014 பிப்ரவரியில் அந்த அணி 'சூப்பர் பவுல்' கோப்பையை வென்றது.

அதன்பின் நடந்தது சந்தைக் கணக்கு. 2018-இல் பிலடெல்பியா அணி, ஐந்தாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் வேறொரு வீரரையும் கொடுத்து அவரைப் பெற்றது. 2019-இல் மீண்டும் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுரிமைக்காக நியூ இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். அங்கே பயிற்சியாளருடன் கருத்து வேறுபாடு எழுந்தது; ஒரு வாரம் இடைநீக்கம் செய்யப்பட்டார்; அதே மாதத்தில் டல்லாஸ் அணிக்குக் கைமாற்றப்பட்டார். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை முழுமைக்கும் உத்தரவாதம் கிடையாது. அணி விரும்பினால் வீரரை இடையில் நீக்கலாம். வீரர் விரும்பினாலோ வேறு அணிக்குச் செல்ல இயலாது. உழைப்புச் சக்தி சரக்காகிறது என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிட வெளிப்படையான விளக்கம் அரிது.

இந்தச் சரக்கின் தேய்மானம் மூளையிலும் நிகழ்கிறது. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறைந்த லீக் வீரர்களின் கொடையளிக்கப்பட்ட 111 மூளைகளை ஆராய்ந்து, 110-இல் தொடர் மோதல்களோடு தொடர்புடைய சிதைவு நோயைக் கண்டனர். நோய் ஐயத்தால் கொடுக்கப்பட்ட மூளைகளே மிகுதி என்பதால் எல்லா வீரர்களுக்கும் இவ்விகிதம் பொருந்தாது. ஆயினும் ஆபத்தின் தன்மையை அது உணர்த்துகிறது. இழப்பீட்டிலும் நிறவெறி புகுந்தது. கறுப்பின வீரர்களின் தொடக்க அறிவாற்றலே குறைவு என்று கொள்ளும் கணக்கீடு அவர்களது பாதிப்பை மறைத்தது. பிட்ஸ்பர்க் அணியின் முன்னாள் தற்காப்பு வரிசைக்காரர் கெவின் ஹென்றியும் நஜே டேவன்போர்ட்டும் 2020-இல் வழக்குத் தொடுத்த பின்னரே, 2021-இல் அம்முறையைக் கைவிட லீக் இசைந்தது.

பென்னட் இவற்றையெல்லாம் வாய்மூடி ஏற்றவர் அல்லர். இஸ்ரேல் அரசின் ஆதரவுடன் வீரர்களுக்கு ஏற்பாடான பயணத்திலிருந்து 2017 பிப்ரவரியில் விலகினார். சென்றால் பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரையையும் காசாவையும் காண்பேன் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை நிறவெறியர் வெறியாட்டம் நடந்த மறுநாள், தேசிய கீதம் ஒலித்தபோது அமர்ந்திருந்தார். அடுத்த ஆட்டத்தில் வெள்ளையின வீரர் ஜஸ்டின் பிரிட் அவரது தோள்மேல் கை வைத்து அருகில் நின்றார்.

ஆனால் தனிமனிதத் துணிவுக்கு எல்லை உண்டு. முழங்காலிட்டு முதலில் எதிர்ப்புக் காட்டிய காலின் கேப்பர்னிக்கை 2016 பருவத்துக்குப் பின் எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. டல்லாஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ், கொடியை அவமதிப்போர் ஆட முடியாது என்று அறிவித்தவர். அவ்வணியில் ஆட வந்தபோது பென்னட் எழுந்து நின்றார். இதனால் அவரைக் கோழை என்பது நியாயமன்று. முதலாளியின் முன் தனித்து நிற்கும் எந்தத் தொழிலாளிக்கும் நேர்வதே அவருக்கும் நேர்ந்தது.

தனியொருவரால் இயலாததைச் சங்கம் செய்தது. களத்தில் இருப்போர் கட்டாயம் எழுந்து நிற்க வேண்டும் என்று 2018 மே மாதத்தில் உரிமையாளர்கள் விதி வகுத்தனர். வீரர் சங்கம் ஜூலையில் முறையீடு தொடுத்தது. சில நாள்களில் அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த வலிமை எளிதில் வந்ததன்று. 1987-இல் 24 நாள் வேலைநிறுத்தத்தை மாற்று வீரர்களைக் கொண்டு உரிமையாளர்கள் முறித்தனர். டல்லாஸின் புகழ்பெற்ற தற்காப்பு வரிசைக்காரர் ராண்டி வைட் போன்றோரே கருங்காலிகளாயினர். சங்கம் சோர்ந்துவிடாமல் நீதிமன்றங்களில் போராட்டத்தைத் தொடர்ந்தது. அணி மாறும் உரிமை 1993-இல் கிடைத்தது; அவ்வழக்கைத் தன் பெயரில் தாங்கிய ரெஜி வைட்டும் தற்காப்பு வரிசைக்காரரே. 2013-இல் பென்னட் தாமே அணியைத் தேர்ந்ததும் அந்த உரிமையால்தான்.

இந்தியாவில் கிரிக்கெட் வீரர்கள் பகிரங்கமாக ஏலம் விடப்படுகின்றனர். 2019-இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கமோ ஓய்வுபெற்றோருக்கானது. களத்தில் ஆடுவோருக்குச் சங்கம் இல்லை. 2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் கொடுமைக்கு எதிராக ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, விவசாய அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் அவர்களுடன் நின்றன. நடப்புக் கிரிக்கெட் நட்சத்திரங்களில் மிகப் பலர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவர்களது கோழைத்தனம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாகாது. அமைப்பில்லாத் தொழிலாளரின் மௌனமும் அதில் கலந்திருக்கிறது. விளையாட்டரங்கமும் ஒரு பணியிடம் என்று உணர்ந்து, அங்கே சங்கம் அமையத் துணை நிற்பது இடதுசாரி இயக்கத்தின் கடமைகளுள் ஒன்று.